மான்செஸ்டருக்குப் போகும் மழை

மழையில் நனைவதற்கென்றே பணம் செலவழித்துக்கொண்டு ஐயாயிரம் மைல் பிரயாணம் செய்கிறவர்களும் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு; சென்ற ஆண்டு மே மாதம் நாங்கள் மூவர் அப்படிச் செய்தோம். நனைய வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டு புறப்பட்டோம் என்பதில்லை. ஆனால், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஏரி நாட்டுக்குக் கால்நடையாய்ச் சுற்றப் போகிறவன் நனையமாட்டேன் என்று சொல்வது, காவிரியில் முழுகப் போகிறவன் தலை மட்டும் ஈரமாகக் கூடாது என்று சொல்வதற்குச் சமானம்.

எங்களில் இருவர் கோயமுத்தூரில் உபாத்தியாயத் தொழில் செய்யும் தம்பதிகள். ஒருவர் பூகோளம் கற்பிக்கிறவர், மற்றவர் கணக்கு. மூன்றாமவர் கணக்கு உபாத்தியாயினியின் தம்பி, மான்செஸ்டரில் உத்தியோகம். நாற்காலியில் அமர்ந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பதே தொழிலாகப் போய்விட்ட தம்பிக்குக் கொஞ்சம் தேகப் பயிற்சி ஆகட்டும் என்று அக்காள் நினைத்தாள்; அக்காளுக்கும் மாமாவுக்கும் ஊர் சுற்றிக் காட்டவேண்டியது தம் கடமையென்று தம்பி நினைத்தார். இவ்விரண்டு நல்லெண்ணங்களும் சேர்ந்து எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் செயின்ட் பீஸ் என்னும் சிறு கடற்கரைக் கிராமம்.

அங்கிருந்து கிழக்கே, நாட்டின் குறுக்காக, சுமார் 190 மைல் நடந்தால் ராபின் ஹுட்ஸ் பே என்னும் மீனவர் ஊரில் வட கடலைக் காணலாம். வழியில் மூன்று தேசியப் பூங்காக்கள் உண்டு. இந்த வழியை வகுத்து, தம் கையாலேயே படம் வரைந்து, 1973-ஆம் ஆண்டில் புஸ்தகமாக வெளியிட்டவர் ஆல்பிரட் வெயின்ரைட். அவர் கெண்டல் நகரசபையின் பொக்கிஷதாராக இருந்தவர். பிறந்த ஊர் பிளாக்பர்ன். அந்தப் பெயர் நம்மவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். நம் பாட்டனார்களின் இடுப்புக்கு அது புதிதல்ல. ஒரு காலத்தில் இந்தியாவுக்கென்றே வேட்டி நெய்து கப்பல் கப்பலாக அனுப்பிய ஊர் அது. அதற்குப் பக்கத்திலுள்ள டார்வென் என்னும் நெசவூருக்குத்தான் 1931-ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் சென்று, அந்நியத் துணி பகிஷ்காரத்தினால் வேலையிழந்த தொழிலாளர்களை நேரில் சந்தித்தார்.

இந்த யாத்திரைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. புறப்படுகிறவர்கள் மேற்குக் கடலில் பாதரட்சையை நனைத்து, ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடலை அடைந்ததும் அதை அலையில் போட்டுவிட வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம். அதோடு நில்லாமல், எங்களில் பூகோளம் கற்பிப்பவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “கடலிலிருந்து கடல்வரை ஒரு கஜங்கூட வண்டியில் ஏறக் கூடாது” என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். அந்தச் சமயம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு நாட்களும் வானம் எங்களிடம் பட்சமாகவே இருந்தது. முப்பது மைலுக்குச் சற்றுக் குறைவாக நடந்து, இரண்டாம் நாள் மாலை பாரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள ராஸ்த்வெயிட் வந்து சேர்ந்தோம். நம் கொங்கு நாட்டில் ‘பாளையம்’ என்று முடியும் ஊர்கள் எத்தனையோ, அத்தனை ‘த்வெயிட்’ அங்கே. காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பழைய நார்வே பாஷையில் அர்த்தம். மூன்றாம் நாள் விடிந்தபோது ஜன்னலுக்கு எதிரே நின்ற மலையைக் காணோம். அதற்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. அத்திரையிலிருந்து சரம் சரமாக நீர்.

காலை ஆகாரம் பரிமாறிய விடுதி அம்மாள் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, “இன்றைக்குக் கொஞ்சம் ஈரமாக இருக்கும்” என்றாள். ஆங்கிலேயர் இப்படித்தான் பேசுவார்கள் என்று தம்பி எச்சரித்திருந்தார். வீடு தீப்பற்றி எரிந்தால் “கொஞ்சம் உஷ்ணமாக இருக்கிறது” என்பார்களாம். அன்று தங்கிவிட்டு மறுநாள் போகலாமே என்றும் அந்த அம்மாள் ஜாடையாகச் சொன்னாள். அடுத்த ஊரான கிராஸ்மியரில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அவ்விடத்துக்கும் இவ்விடத்துக்கும் எட்டு ஒன்பது மைல்தான். மழைக்குப் பயந்து பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளை இருபது வருஷமாகக் கண்டித்து வந்தவர்கள் தாங்களே மட்டம் போடுவதா? புறப்பட்டுவிட்டோம்.

அந்தப் பள்ளத்தாக்கின் மழையைப் பற்றி இங்கே சொல்லாமல் தீராது. ராஸ்த்வெயிட்டிலிருந்து இரண்டு மூன்று மைலில் ஸீத்வெயிட் என்று நாலைந்து வீடுகள் கொண்ட குக்கிராமம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களில் மிகுந்த மழை பெய்வது அங்கேதான். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். கோயமுத்தூரில் வருஷம் முழுவதும் பெய்வது 600, 700 மில்லிமீட்டர். ஸீத்வெயிட்டிலோ 2009-ஆம் ஆண்டு நவம்பரில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 316.4 மில்லிமீட்டர் கொட்டிற்று. அதாவது, எங்கள் ஊர் ஆறு மாதம் அண்ணாந்து பார்த்துச் சேர்க்கிற மழையை அந்த ஊர் ஒரே நாளில் வாங்கி ஓடையில் விட்டுவிட்டது. காரணம் பள்ளிக்கூடப் பாடந்தான். அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் மேல்காற்று முதன்முதலில் முட்டிக்கொள்வது இந்த மலைகளின்மீது. மேலே ஏறுகிற காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று சுமையை இறக்கிவிடுகிறது. சின்னக்கல்லாற்றில் தென்மேற்குப் பருவக்காற்று செய்வதும் இதுவே. நாங்கள் மலைக்கு அந்தண்டை, மழை மறைவில், எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜாதி.

உபாத்தியாயர்கள் அந்த ஸீத்வெயிட்டுக்கு வேறொரு விதத்திலும் கடமைப்பட்டிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அவ்வூர் மலைச் சரிவில் ஒரு கறுப்புக் கல் அகப்பட்டது. ஆட்டிடையர்கள் அதைக் கொண்டு தத்தம் ஆடுகளுக்கு அடையாளம் போட்டார்கள். பிறகு அதையே மரத்துக்குள் வைத்து எழுதத் தொடங்கினார்கள். பென்சில் பிறந்த கதை இதுதான். பக்கத்து ஊரான கெஸ்விக்கில் பென்சிலுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

ஸ்டோன்த்வெயிட் என்னும் சிற்றூரைத் தாண்டியதும் ஓடையை ஒட்டி ஏற்றம் தொடங்கிற்று. கிரீனப் ஓடை என்று படத்தில் மெல்லிய நீலக் கோடாகப் போட்டிருந்தது, கண்ணெதிரே பால் பொங்குவதுபோல் நுரைத்துக்கொண்டு உருண்டது. இருபுறத்து மலைகளிலும் நேற்றுவரை இல்லாத அருவிகள். எண்ணத் தொடங்கிய கணக்கு அம்மாள் முப்பத்திரண்டோடு நிறுத்திக்கொண்டாள். கல்லை அடுக்கியே கட்டிய மதில்கள். சாந்து, சுண்ணாம்பு எதுவுமில்லை. மதிலோரத்தில் ஹெர்ட்விக் ஜாதி ஆடுகள் எங்களைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. தாய் ஆடு சாம்பல் நிறம், குட்டி கன்னங்கரேலென்று இருக்கும். வளர வளர வெளுக்கும். அந்த மழையில் குடையோ சட்டையோ கேளாமல் நிம்மதியாய் நின்ற பிராணிகள் அவைதாம். அவற்றின் மேலிருந்தது கம்பளி என்பதைக் கவனித்தோமில்லை. கவனித்திருந்தால் பின்னால் வந்த கஷ்டத்தில் பாதி குறைந்திருக்கும்.

வால்பாறைப் பக்கத்து மழையில் நடந்து பழகியவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: இங்கே அட்டை கிடையாது. மற்றபடி ஒரு விஷயத்தில் நம் ஊர் மழையே மேல். நம் மழை அடித்துப் பெய்யும், ஓயும், வெயிலுக்கு இடம் விடும். அந்த ஊர் மழைக்கு வேகமும் இல்லை, ஓய்வும் இல்லை. கழுத்துப் பட்டையில் ஒரு துளி நுழைகிறது. அது முதுகெலும்பின் வழியே அவசரமின்றி இறங்குவதை அறியலாம். அது இடுப்பை எட்டுமுன் அடுத்த துளி. பாதரட்சைக்குள் நீர் புகுந்தபின் ஓர் அலட்சிய சந்தோஷம் வந்துவிடுகிறது. குட்டையைக் கண்டு ஒதுங்க வேண்டிய அவசியம் இனி இல்லையல்லவா?

லைனிங் கிராக் என்னும் பாறை முகட்டில் படிபோல் அமைந்த கற்களின் மேலேயே நீர் வழிந்தது. கையும் காலும் ஊன்றி ஏறினோம். மேலே, சுமார் 2,000 அடி உயரத்தில், கிரீனப் எட்ஜ் என்னும் மேட்டு நிலம். சதுப்பும் மூடுபனியும் தவிர அங்கே ஒன்றுமில்லை. வழிகாட்டியாக அங்கங்கே கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியல் தெரியவில்லை. தம்பியின் கைப்பேசியில் வழியெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தோம். ஆனால் அந்தக் கண்ணாடியின்மேல் விழுகிற ஒவ்வொரு மழைத் துளியும் தன்னையே விரலென்று எண்ணிக்கொண்டு படத்தை ஒரு பக்கம் இழுத்தது. நனைந்த விரலையோ கைப்பேசி விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டுக் காகிதப் படத்தையும் திசைகாட்டியையும் எடுத்தோம்.

அந்த இடத்தில் வழி தவறுவது புதிதல்ல என்று பிறகு கேள்விப்பட்டோம். மேட்டு நிலத்திலிருந்து தென்கிழக்கே இறங்கி, வித்பர்ன் என்னும் பள்ளத்தாக்கின் தலைப்பைக் குறுக்கே கடந்து, எதிர்மேட்டில் சிறிது ஏறி, அப்புறம் ஃபார் ஈஸ்டேல் என்னும் இரண்டாவது பள்ளத்தாக்கில் இறங்கவேண்டும். அதுதான் கிராஸ்மியருக்குப் போகிறது. எதிர்மேடு கண்ணுக்குத் தெரிகிற நாளில் குழந்தைகூடத் தவறாது. மூடுபனியிலோ, முதலில் வருகிற பள்ளத்தாக்கே சரியான பள்ளத்தாக்கு என்று தோன்றிவிடுகிறது. கால் பட்டுத் தேய்ந்த தடமும் அந்தப் பக்கந்தான் இடது கையாக இறங்கிற்று. முன்னால் தவறிய புண்ணியவான்களின் தடமாக இருக்கவேண்டும்.

சிறிது தூரம் இறங்கியதும், திசைகாட்டியைப் பிடித்திருந்த கணக்கு அம்மாள் நின்றாள்.

“ஏனுங்க, நாம தென்கிழக்கே இறங்கணும்னுதானுங்களே சொன்னீங்க? இது வடகிழக்கால்ல போகுது.”

“மலை வழி வளைந்துதான் போகும். கணக்கைப்போல நேராகப் போகாது.”

இவ்வாக்கியத்தைக் கூறியவர் பூகோளம் கற்பிப்பவர். அவர் பெயரைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. அந்த வாக்கியம் அதன்பின் எங்கள் வீட்டில் எத்தனையோ சந்தர்ப்பங்களில் மேற்கோளாக எடுத்தாளப்பட்டிருக்கிறது.

“மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அக்கா” என்றார் தம்பி. மரியாதை சில சமயங்களில் ஆபத்தானது.

வடகிழக்கே இறங்கினோம். பள்ளத்தாக்கு அகன்றது, அகன்ற இடமெல்லாம் சதுப்பு. பச்சைப் பாசி மெத்தைபோல் விரிந்த இடத்தில் காலை வைத்தால் முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும். காலை உருவினால் பாதரட்சையைத் தனக்கென்று கேட்கும். ஒரு மைல் போக ஒரு மணிக்கு மேலாயிற்று. சரியான வழியில் இப்படிப்பட்ட சதுப்பு இத்தனை தூரம் இருப்பதாகப் புஸ்தகம் சொல்லவில்லையே என்ற எண்ணம் பூகோளக்காரருக்கு வராமல் இல்லை. வந்தது; வந்ததை வெளியே விடவில்லை. எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறோமோ அவ்வளவு குறைவாகத் திரும்பி ஏறவேண்டியிருக்கும் என்பது வகுப்பில் சொல்வதற்கு எளிது.

ஓடை ஒன்றைத் தாண்டும்போதுதான் அது நடந்தது. முதல் இருவர் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிட்டோம். தம்பி மூன்றாவது கல்லில் வழுக்கி, இடுப்பளவு நீரில் விழுந்து, ஒருதரம் முழுகி எழுந்தார். கைகொடுத்து இழுத்தோம். சிரித்தார், நாங்களும் சிரித்தோம். மேலே நடந்தோம்.

புறப்பட்ட நாள் முதல் தம்பி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தவர். மான்செஸ்டரில் கால்பந்துக்கு இரண்டு கட்சி. இரண்டின் சரித்திரமும் எங்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஓடையில் விழுந்த பிறகு கால் மணி நேரம் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன, பேச்சு குறைந்தது. பிறகு நடுக்கமும் நின்றது, பேச்சும் நின்றது. நடுக்கம் நின்றதைக் கண்டு பூகோளக்காரர் திருப்தி அடைந்தார். அக்காள் அடையவில்லை. அவள் திரும்பி நின்று தம்பியின் முகத்தைப் பார்த்து, “பதினேழு எட்டு எவ்வளவுடா?” என்று கேட்டாள்.

சிறு வயதில் அவருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். பத்தொன்பதாம் வாய்ப்பாடுவரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளை. அன்று அவர் அக்காளை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. “என்னது... எட்டு...” என்று குழறினார். அவ்வளவுதான்.

“இங்கேயே நில்லுங்க” என்றாள் அவள். அந்தக் குரலுக்கு அவளுடைய வகுப்பில் எதிர்ப்பேச்சு கிடையாது, மலையிலும் இல்லை.

நல்ல காலமாகப் பக்கத்தில் வட்டமாய்க் கல் அடுக்கிய ஆட்டுப்பட்டி ஒன்று பாழாய்க் கிடந்தது. கூரையில்லை, காற்றுக்கு மட்டும் மறைவு. தம்பி அணிந்திருந்தது பருத்திச் சட்டை, பருத்தி ஜீன்ஸ். பருத்தி நம் வெயிலுக்குத் தாய். அந்தக் குளிருக்குச் சத்துரு. நனைந்த பருத்தி நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு தேகத்தின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்தியை நூற்றே உலகப் பிரசித்தி அடைந்த ஊரிலிருந்து வந்தவர் ஒருவர். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து வந்தவர்கள் இருவர். மூவரில் ஒருவருக்கும் காலையில் இது தோன்றவில்லை. ஈர உடைகளை எல்லாம் களைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் உலர்ந்திருந்த கம்பளிச் சட்டையையும், அதன்மேல் அக்காளின் சால்வையையும், அதன்மேல் மழைக் கோட்டையும் போட்டோம். இருவரும் இரு பக்கமும் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். பிளாஸ்கில் காலையில் ஊற்றிக்கொண்ட சுக்குக் காப்பி இன்னும் சூடாக இருந்தது. விடுதி அம்மாளின் அடுப்பில் கருப்பட்டியும் சுக்கும் கொதித்தபோது, அவள் அது என்ன மருந்து என்று கேட்டிருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாயை ஒவ்வொரு துண்டாக உடைத்து வாயில் கொடுத்தாள் அக்காள்.

இருபது நிமிஷம் ஆகியிருக்கலாம். நடுக்கம் மறுபடி வந்தது. அது வந்தது நல்ல அறிகுறி என்று அவள் சொன்னாள். அந்த இருபது நிமிஷத்தில் பூகோளக்காரர் படத்தை மடிமேல் விரித்து, திசைகாட்டியை அதன்மேல் வைத்து, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை முதன்முறையாக உண்மையாகப் பார்த்தார். ஓடை வடகிழக்கே ஓடுகிறது. அப்படி ஓடுகிற ஓடை படத்தில் ஒன்றுதான்.

“தப்பு என்னுடையது. வித்பர்னில் வந்துவிட்டோம்” என்றார்.

“தெரியுமுங்க” என்றாள் அவள். வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பி ஏறுவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஓடையோடு இறங்கினால் ஏரி. ஏரிக் கரையில் மோட்டார் ரஸ்தா. மெல்ல நடத்திக்கொண்டு இறங்கினோம். மதில், வேலி, புல்வெளி, கடைசியில் பனித்திரைக்குள்ளிருந்து ஈயத் தகடுபோல் ஒரு நீர்ப்பரப்பு. தர்ல்மியர் ஏரி.

அது வெறும் ஏரியன்று. இயற்கையில் சிறியதாக இருந்த ஏரியை மான்செஸ்டர் நகரசபையார் அணைகட்டி உயர்த்தினார்கள். மலையைக் குடைந்தும் பள்ளத்தின்மேல் குழாய் போட்டும் 96 மைல் நீளத்துக்கு வாய்க்கால் அமைத்து, பம்பு எதுவும் இல்லாமல் சரிவின் பலத்தினாலேயே நீர் தம் ஊருக்கு ஓடும்படி செய்தார்கள். 1894-ஆம் ஆண்டில் தண்ணீர் மான்செஸ்டரை அடைந்தது, இன்றும் போகிறது. அதற்காக வித்பர்ன், ஆர்ம்போத் என்ற இரண்டு குக்கிராமங்கள் அழிந்தன. வித்பர்னின் சிறு மாதாகோயில் மட்டும் ரஸ்தாவோரத்தில் மேடான இடத்தில் இருந்ததால் தப்பிற்று. ஊரில்லாத கோயிலாக இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்தில் பலர் இதை எதிர்த்துச் சங்கம் கூட்டிப் போராடினார்கள். ஜான் ரஸ்கின் அவர்களில் ஒருவர். போராட்டம் தோற்றது, ஆனால், நாட்டின் அழகிய இடங்களைப் பொதுச் சொத்தாகக் காக்க 1895-இல் ஏற்பட்ட ‘நாஷனல் டிரஸ்ட்’ ஸ்தாபனத்தின் வேரில் அந்தத் தோல்வியின் ஈரமும் உண்டு.

எங்களால் எந்தக் கட்சியையும் முழுக்க வெறுக்க முடியவில்லை. மலையில் பெய்கிற மழையைக் குழாயில் பிடித்துக்கொண்டுவந்து குடிக்கிற ஊர்தானே எங்களுடையதும்? சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவருவதற்காக உழைத்த நகரசபைத் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரை ஒரு பேட்டைக்கே வைத்து, ஆர்.எஸ்.புரம் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிறுவாணி மலையில் நின்று அந்தத் தண்ணீர் எங்கே விழுகிறது, எப்படிச் சேர்கிறது என்று எங்களில் எத்தனை பேர் நனைந்து பார்த்திருக்கிறோம்?

இந்தச் செய்திகளைப் பூகோளக்காரர் நடந்துகொண்டே சொல்லிவந்தார். பாதி, தம்பியின் காதில் பேச்சு விழுந்துகொண்டிருக்கட்டும் என்பதற்காக. பாதி, தம் காதில் வேறொன்றும் விழாதிருக்கட்டும் என்பதற்காக. மதிலோரம் வந்ததும் தம்பி நின்றார்.

“அப்போ, நான் விழுந்த ஓடைத் தண்ணி இந்த ஏரிக்குத்தான் வருதுங்களா, மாமா?”

“ஆமாம்.”

“இங்கிருந்து எங்க வீட்டுக் குழாய்க்கு?”

“ஆமாம்.”

“அப்படின்னா கணக்குல கொஞ்சம் கழிச்சுக்கச் சொல்லுங்க. என் பங்கை நான் மேலேயே குடிச்சுட்டேன்.” சிறிது பொறுத்து, அக்காளின் பக்கம் திரும்பி, “நூத்து முப்பத்தாறு” என்றார்.

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மழை பெய்துகொண்டிருந்தபடியால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, முகத்தைத் துடைத்துக்கொண்டாளா என்று சொல்வதற்கில்லை.

ரஸ்தாவை அடைந்தபோது மணி நாலரை. அங்கிருந்து கிராஸ்மியருக்கு டன்மெயில் ரெய்ஸ் என்னும் கணவாய் வழியாக நாலைந்து மைல். வாசகர்கள் நம்பமாட்டார்கள்: இவ்வளவுக்கும் பிறகு பூகோளக்காரர், “ரஸ்தாதானே, மெதுவாக நடந்துவிடலாமா? வாக்கு ஒன்று இருக்கிறதே” என்று இழுத்தார். யாரும் பதில் சொல்லவில்லை. தூரத்தில் 555-ஆம் எண் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. கணக்கு அம்மாள் ரஸ்தாவோரம் போய் நின்று கையை நீட்டினாள்.

டிரைவர் எங்கள் மூவரையும், எங்களிடமிருந்து அவருடைய வண்டியின் தரையில் வழிந்த நீரையும் பார்த்துவிட்டு, “நல்ல நடையா?” என்று கேட்டார். கணவாயின் உச்சியில் ஒரு பெரிய கற்குவியல். டன்மெயில் என்ற அரசனின் சமாதி என்று ஐதிகம். ஜன்னல் கண்ணாடியில் நீராவி படிந்திருந்ததால் அதை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றே நிமிஷங்களில் ஒரு மைல் போவது, மூன்று நாள் நடந்தவர்களுக்கு அநியாயமாகப் பட்டது. உட்கார்ந்திருப்பதோ சொர்க்கமாக இருந்தது.

கிராஸ்மியர் விடுதியில் ஈர உடைகளை உலர்த்துவதற்கென்றே சூடேற்றிய அறை ஒன்று உண்டு. அங்கே நடைக்காரர்களின் பாதரட்சைகள் வரிசை வரிசையாகக் காகிதம் திணிக்கப்பட்டு, திருவிழாவில் கோயில் வாசல்போல் காட்சியளித்தன. நாற்றமும் ஏறக்குறைய அப்படியே. தம்பியை வெந்நீரில் குளிக்கச் செய்து, இரண்டு போர்வைக்குள் படுக்கவைத்தாயிற்று. அவருக்குப் பிடிக்குமென்று அவ்வூரின் பிரசித்தமான இஞ்சி ரொட்டியை வாங்கப் போனோம். 1854-ஆம் ஆண்டு முதல் செய்து விற்கிறார்களாம். நம் இஞ்சி மொரப்பாவின் காரமும் வறுத்த மாவின் மொறுமொறுப்பும் சேர்ந்த ருசி. அந்தச் சின்னஞ்சிறு கடை முற்காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தது. கவி வோர்ட்ஸ்வொர்த் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதுண்டு. அவருடைய கல்லறை பக்கத்து மாதாகோயில் தோட்டத்திலேயே இருக்கிறது. மழையில் அதன் எதிரே இரண்டு நிமிஷம் நின்றோம். அதற்குமேல் கவிதைக்கு அன்று எங்களிடம் தெம்பில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பின், சட்டைப் பையிலிருந்த செயின்ட் பீஸ் கூழாங்கல் மேஜைமேல் வந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நாலைந்து மைல் பஸ்ஸில் வந்த கல்.

“நாளைக்குத் தம்பி படுத்திருக்கட்டுமுங்க” என்றாள் கணக்கு அம்மாள். “நாம ரெண்டு பேரும் இந்தப் பக்கமிருந்து ஏறித் தப்பின எடம் வரைக்கும் போயிட்டு வந்துடலாம். விட்ட பாக்கி அதுதானுங்களே?”

மறுநாள் காலை வானம் கழுவி வைத்த கண்ணாடியாக இருந்தது. இரண்டு மூன்று மணி நேரம் ஃபார் ஈஸ்டேலில் ஏறினோம். கணவாயின் தலைப்பில், வேலி தாண்டுவதற்காகப் போட்ட இரும்பு ஏணிப்படி ஒன்று இருக்கிறது. வேலி எந்தக் காலத்திலோ போய்விட்டது. படி மட்டும் வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு பள்ளத்தாக்குகளும் விரித்த உள்ளங்கையின் ரேகைபோல் தெளிவாகத் தெரிந்தன. இதோ இது தென்கிழக்கு. அதோ அது வடகிழக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தினாலும் சரியாகக் காட்டிவிடும். எதிர்ச்சரிவில் நேற்று நாங்கள் இறங்கிய தடம், அதில் இடது பக்கம் திரும்பிய இடம், எல்லாம் வெயிலில் பளபளத்தது. பள்ளத்துக்குள் இறங்கி அந்த இடத்துக்கே போனோம். சேற்றில் மூன்று ஜோடிப் பாதரட்சைகளின் சுவடு இன்னும் இருந்தது. அவள் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்து, தென்கிழக்கே கையைக் காட்டினார்.

திரும்பும்போது அந்த இரும்புப் படி மறுபடி எதிர்ப்பட்டது. சுற்றிக்கொண்டு போவதற்கு இரு பக்கமும் மலை முழுவதும் காலியாகக் கிடந்தது. இருவரும் ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினோம்.